நறுக்கினாலும் உடையாத எண்

மேடம் வேலையில் சேர்ந்த அன்று என் பெயரைக் கேட்கவில்லை. கேட் ஆபீஸ் ஜன்னல் வழியாக வெளியே நின்றிருந்த ஸ்கூட்டரைக் காட்டி, "ரெண்டாயிரத்து நானூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு உன்னுதா?" என்றார்.

ஆமாம் என்றேன், நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தி மாட்டிக்கொண்டவனின் குரலில்.

"பாத்தா ஒண்டி மாதிரி கீது. ஆனா ஒடையுது. நாப்பத்தேழு, அம்பத்துமூணு. ரெண்டு பேரும் உள்ள ஒளிஞ்சுகினு கீறானுங்க."

சொல்லிவிட்டுத் தன் நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தார். பார்ப்பதற்கு உறுதியானவன் போலத் தெரிவேன், லேசாக அழுத்தினால் இரண்டாகப் போய்விடுவேன் என்பதை என் மனைவி பல வருடங்களாகப் பல உதாரணங்களோடு விளக்கிவருகிறாள். அது வண்டியின் நம்பர் பலகையிலேயே எழுதியிருக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான்.

துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னர்களைக் கொண்டுவந்து அடுக்கிவைக்கும் யார்டு எங்களுடையது, எண்ணூர் போகும் சாலையோரத்தில். 'எங்களுடையது' என்று சொல்வது பழக்கதோஷம். வாசலில் கேட் ஆபீஸ். அதில் ஒரு நீள மேசை, மேசைக்குப் பின்னால் சுவரோரமாக எட்டு நாற்காலிகள். முதல் நாற்காலி என்னுடையது. யார்டு திறந்த அன்றே சேர்ந்தவன் என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி எனக்கில்லை. இரண்டாவது அவருடையது. லாரி எடைமேடையில் ஏறி நின்றால் அவர் எதிரே இருக்கும் கறுப்புப் பெட்டியில் சிவப்பு எழுத்தில் எடை விழும். அதைப் பதிவு செய்து லாரியை விடுவது அவர் வேலை. மூன்றாவது நாற்காலியில் பெட்டிகளின் அடிபட்ட இடங்களைப் பார்த்துச் சொல்லும் ஜான்சன். கடைசியில், எட்டாவதாக, பெட்டிக் கதவின் முத்திரை பிரிபடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் பிரபா. வந்தவர் வந்தவர் காலியாக இருந்த அடுத்த நாற்காலியில் உட்கார்ந்ததால் நாங்கள் சீனியாரிட்டி வரிசையில் அமைந்துவிட்டோம். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

ஒண்டி என்றால் எங்கள் பக்கத்தில் தனி ஆள். கல்யாணம் ஆகாதவர் ஒண்டிக்கட்டை. பாடப்புத்தகம் பகா எண் என்று சொல்வதைத்தான் அவர் ஒண்டி என்றார்: ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். அவர் கணிதத்தில் எம்.எஸ்ஸி. பகா எண் என்ற சொல் தெரியாமல் இல்லை. காலடிப்பேட்டையில் தன் முதுகுக்குப் பின்னால் தெருவே சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டுவந்து எண்களுக்குக் கொடுத்துவிட்டார் என்பது என் ஊகம். கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்ற பயம்.

எந்த எண்ணும் அவர் கண்ணில் பட்டுவிட்டுச் சும்மா போக முடியாது. லாரி நம்பர், கன்டெய்னர் நம்பர், டீக்கடை டோக்கன், கரண்ட் பில். உதடு லேசாக அசையும். பிறகு தீர்ப்பு: "ஒடையுது" அல்லது "ஒண்டி". அவ்வளவுதான். நல்லது என்றும் சொல்ல மாட்டார், கெட்டது என்றும் சொல்ல மாட்டார். மீதியை லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஒண்டி என்றால் போகிற பாதையில் வண்டி தனியாக நின்றுவிடும், உடைந்தால் ஊர் போய்ச் சேரும் என்று அவர்களாக ஒரு சாஸ்திரம் எழுதிக்கொண்டார்கள். சடையங்குப்பத்து டிரைவர் ஒருவன் ஒரு நாள் காலையில் ஜன்னலுக்கு வெளியே நின்று கும்பிட்டான்.

"யக்கா, இன்னிக்கு மட்டும் ஒண்ணும் சொல்லாத. வூட்ல பொண்டாட்டி மாசமா கீறா."

அவர் பெட்டியின் எண்ணைப் பார்த்தார். உதடு அசைந்தது. "ஒண்டி."

அவன் முகம் விழுந்தது. லாரியைத் திருப்பிக்கொண்டு போயேவிட்டான். வேறு ஆள் வந்து அந்தப் பெட்டியை எடுத்தான்.

"மேடம், ஒரு பொய் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"இன்னான்னு? ரெண்டால போவுதுன்னா?"

"மனுஷனுக்கு ஆறுதலா..."

"இந்தா பாரு ரைட்டரே. அந்த நம்பருக்கு அவன் பொண்டாட்டியத் தெரியுமா? நம்பரு சொன்னது ஒண்ணு. அவனா கேட்டது ஒண்ணு. நான் அந்த மொத ஒண்ணுக்குத் தான் பொறுப்பு."

ரைட்டர் என்று அவர் என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம், வாரப் பத்திரிகைகளில் நான் அவ்வப்போது நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது. அவர் வாயிலிருந்து அந்தப் பட்டம் லாரிக்காரர்களிடம் பரவியது. அவர்கள் அறிந்த ஒரே ரைட்டர் போலீஸ் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். எழுதுபவர். ஆகவே என் எழுத்துக்கு ஒரு மரியாதை கிடைத்த ஒரே இடம் அந்த கேட்தான். என்னைப் பார்த்ததும் டிரைவர்கள் பீடியை அணைத்தார்கள்.

ஒரு நாள் ஒரே முதலாளியின் இரண்டு டிரெய்லர்கள் அடுத்தடுத்து வந்து, யார் முதலில் மேடையில் ஏறுவது என்று தகராறு. டிரைவர்கள் இருவரும் இறங்கிச் சட்டைக் கையை மடித்துவிட்டார்கள். "தில்லு இருந்தா ஒண்டிக்கு ஒண்டி வாடா" என்றான் ஒருவன். அவர் ஜன்னலில் தலையை நீட்டினார். நாலாயிரத்து ஒன்று, நாலாயிரத்து மூன்று. சத்தமாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"கரெக்டாத் தான் சொல்றான். ரெண்டுமே ஒண்டி. ஒண்டிக்கு ஒண்டி!" பிறகு அவர்களைப் பார்த்து, "உங்க சேட்டு நாலாயிரத்து ரெண்டை எதுக்கு வாங்காம வுட்டான்? அது ரெண்டால போவும், மூணால போவும், இருவத்துமூணு, இருவத்தொம்பதுன்னு எல்லார்கூடவும் போவும். நடுவுல அது நின்னுருந்தா உங்களுக்குள்ள சண்டையே இல்ல" என்றார்.

டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புரியாத விஷயத்துக்கு முன்னால் மனிதர்கள் சீக்கிரம் சமாதானமாகிவிடுகிறார்கள். பேசாமல் வண்டியில் ஏறினார்கள்.

எடையை மட்டும் அவர் மதிக்கவில்லை. எடைமேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் நகரும். கடைசி இலக்கம் எப்போதும் பூஜ்யம். "இதுல ஒரு ஒண்டியும் பொறக்காது. எல்லாமே பத்தால போயிரும். பல்லைக் காட்டிகினே நிக்கிற ஆளு மாதிரி" என்பார். ஆனாலும் பார்வையை அந்தப் பெட்டியிலிருந்து எடுக்க மாட்டார்.

அவர் வீட்டுக்கு ஒரு தடவை போயிருக்கிறேன், அவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, கையில் ஆரஞ்சுப் பழத்தோடு. காலடிப்பேட்டையில் மாடி அறை. உட்காரச் சொன்னார், எதில் என்பதை என் கற்பனைக்கு விட்டார். அறையில் இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு தட்டு, ஒரு டம்ளர். நான் நின்றுகொண்டே ஆரஞ்சைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "ஏழு வாங்கினியா? ஆறு வாங்கக் கூடாதா, ரெண்டு பேரும் சரிபாதியாத் துன்னுருக்கலாமே" என்றார். பிறகு ஆளுக்கு மூன்று எடுத்துக்கொண்டோம். ஏழாவது தட்டில் அப்படியே இருந்தது. நான் கிளம்பும்வரை இருவருமே அதைத் தொடவில்லை.

பக்கத்து யார்டுகளில் 'கேமரா கேட்' வந்துவிட்டது என்ற பேச்சு அந்த வருடம்தான் கிளம்பியது. லாரி வந்து நின்றால் கேமராவே எண்ணைப் படிக்கும், தடுப்புக் கம்பு தானாக உயரும், மனிதர்கள் வீட்டுக்குப் போகலாம். எட்டுப் பேரும் எடைமேடை ஓரமாக நின்று டீ குடித்தபடி ஒரு முடிவுக்கு வந்தோம்: ஒருத்தர்மேல் கை வைத்தாலும் எட்டுப் பேரும் வெளியே. எல்லோரும் தலையாட்டினோம். யாருக்கும் யார்மீதும் சந்தேகமில்லை. சர்க்கரை போட்ட டீ அப்படித்தான் பேசவைக்கும்.

ஆயுத பூஜை வந்தது. பிரபா மேடம் முன்னால் போய் நின்றான். "யக்கா, எட்டுப் பேருக்கு எட்டு நம்பரு. சேத்து வச்சா எவனாலயும் ஒடைக்க முடியாத மாதிரி ஒண்ணு குடு. செவுத்துல எழுதிரலாம். கெத்தா இருக்கும்."

மற்ற இடங்களில் லாபம் என்று எழுதுவார்கள், சாமி படம் மாட்டுவார்கள். கன்டெய்னர் யார்டில் மட்டும்தான் ஆட்கள் தங்களுக்கென்று ஓர் எண் கேட்பார்கள்.

அவர் உதடு வெகுநேரம் அசைந்தது. டீ ஆறிப்போனது. பிறகு சொன்னார்: "ஏழு, மூணு, ஒம்போது, மூணு, ஒம்போது, ஒண்ணு, மூணு, மூணு."

73939133. லாரிக்குப் பின்னால் எழுதும் பெயிண்டரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு நாற்காலிக்கும் மேலே சுவரில் ஓர் இலக்கமாக மஞ்சள் பெயிண்டில் எழுதவைத்தோம். ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று. என் தலைக்கு மேல் ஏழு. அவர் தலைக்கு மேல் மூன்று. ஜான்சனுக்கு ஒன்பது. கடைசி மூன்று பிரபாவுக்கு.

"ஒடையாதில்ல?" என்றான் பிரபா.

"ஒடையாது. ஒண்டி." வழக்கம்போல அதோடு நிறுத்தியிருக்கலாம். அன்று நிறுத்தவில்லை. "இன்னொண்ணும் கீது. கடைசி மூணை நறுக்கிடு. மிச்சம் எழுபத்து மூணு லட்சத்துச் சொச்சம். அதுவும் ஒண்டி. அதுல கடைசி மூணை நறுக்கு. ஏழு லட்சத்துச் சொச்சம், அதுவும் ஒண்டி. நறுக்கிகினே வா. எழுபத்து மூவாயிரம், ஏழாயிரம், எழுநூத்து முப்பத்தொம்போது, எழுபத்து மூணு, ஏழு. எந்த எடத்துல நறுக்கினாலும், மிச்சம் நிக்கிறது ஒண்டி தான்."

ஜான்சன் கத்தினார். அவர் தெற்கத்தி வியாபாரக் குடும்பம். ராயபுரத்தில் இருக்கும் குடும்பக் கடையில் உட்காரப் பிடிக்காமல் இங்கே வந்தவர். "அப்போ எவனைத் தூக்கினாலும் மிச்சம் இருக்கவனை ஒண்ணும் செய்ய முடியாதுல்லா!"

எல்லோரும் கை தட்டினோம். பிரபா விசிலடித்தான். நானும்தான் தட்டினேன், அதில் சத்தம் குறைவாக வந்த கை என்னுடையதாக இருக்கும், ஆனால் அது கொள்கையால் அல்ல, மற்ற கையில் பொரிகடலை இருந்தது. வாசலில் திருஷ்டிப் பூசணிக்காயைப் போட்டு உடைத்தோம். அன்று உடைந்தது அது ஒன்றுதான்.

கூட்டம் கலைந்த பிறகு, "இதைவிடப் பெரிசா கிடைக்கலையா மேடம்? ஒன்பதாவதா ஒரு ஆள் வந்தா சேர்த்துக்கலாமே" என்று கேட்டேன்.

"முடியாது. இந்த ஜாதியில இதான் கடைசி. பின்னாடி இன்னா போட்டாலும் ஒடைஞ்சுரும். ரெட்டையும் பூஜ்யமும் போட்டா ரெண்டால போவும். அஞ்சு போட்டா அஞ்சால. ஒண்ணோ ஏழோ போட்டா, கூட்டிப் பாரு, மூணால போவும். மூணும் ஒம்போதும் கொஞ்சம் தண்ணி காட்டுச்சு. அதுவும் ஒடையுது." பூசணிக்காயின் சிவப்பு நீர் எடைமேடையின் இரும்பில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒம்போதாவதா இன்னா வந்தாலும் ஒடையும்."

ஒன்பதாவதாக வந்தது ஆள் இல்லை. கேமரா.

அதை மாட்டிய வாரம் தலைமை ஆபீஸிலிருந்து ஹெச்.ஆர். இளைஞர் வந்தார். ஒழுங்காகச் செதுக்கிய தாடி, எண்ணூர்க் காற்றில் முதல் தடவையாக மூச்சு விடுபவரின் கைக்குட்டை. "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று ஆரம்பித்தார்.

மேடம் என் பக்கம் குனிந்து, "குடும்பம்னா ஒடையும்" என்றார்.

பிரபாவைத்தான் முதலில் எடுத்தார்கள். கடைசியாக வந்தவன், ஆகவே முதலில் போகிறவன். யாரும் குறை சொல்ல முடியாத நியாயம். எடைமேடை ஓரமாக மறுபடி கூடினோம். டீ இருந்தது. பிரபா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். போன தடவை எடுத்த முடிவை யாராவது ஞாபகப்படுத்த வேண்டும். அவனே அதைச் செய்வது நாகரிகமில்லை என்று நினைத்தான் போல.

ஜான்சன்தான் பேசினார். "ஒருத்தனுக்காக ஏழு பேரும் வீட்டுக்குப் போனா அவனுக்கு என்ன லாபம், சொல்லு? உள்ள இருந்து பேசுவோம். நாம ஏழு பேரும் பிரியாமத்தானே இருக்கோம். அக்காதான் சொல்லுச்சே, நறுக்கினாலும் மிச்சம் உடையாதுன்னு."

எல்லோரும் மேடத்தைத் திரும்பிப் பார்த்தோம். அவர் இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு வெளியே போயிருப்போமா, தெரியாது. அவர் எண்ணுக்கு மட்டும் பொறுப்பானவர்.

"எழுபத்து மூணு லட்சத்துச் சொச்சம்" என்றார். "ஒண்டி."

பிரபா சிரித்தான். நல்ல பையன். உள்ளே போய், எடைமேடைக்குப் போடும் கிரீஸில் கட்டை விரலைத் தோய்த்து, தன் நாற்காலிக்கு மேலே இருந்த மூன்றின் மீது அப்பினான். "வர்ட்டா மாமு" என்றான் பொதுவாக. மஞ்சள் மூன்று கறுப்பாகிவிட்டது.

அது வழக்கமாகிப்போனது. அடுத்த மாதங்களில் ஒவ்வொருவராகப் போனார்கள், வலது பக்கத்திலிருந்து. ஒவ்வொரு தடவையும் ஹெச்.ஆர். இளைஞர் வருவார், குடும்பம் என்பார். ஒவ்வொரு தடவையும் மிச்சமிருப்பவர்கள் நாம் பிரியாமல் இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்வோம். அது பொய்யும் இல்லை. ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கவில்லை, கோள் சொல்லவில்லை, டீயைப் பகிர்ந்துகொண்டோம். எங்களை யாராலும் வகுக்க முடியவில்லை. அதற்குத் தேவையும் ஏற்படவில்லை. போகிறவர் கிரீஸில் விரலைத் தோய்ப்பார். மேடம் மிச்சமிருக்கும் எண்ணைச் சொல்வார், எடை சொல்வது போல. "ஒண்டி." ஒரு கட்டத்தில் அந்த வார்த்தை வரும்போது நாங்கள் யாரும் அவரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டோம்.

மூன்று பேரானபோது ஜான்சன் முறை. அன்று அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் என்ன சொல்லப் போறீங்க?"

"நாங்க இன்னா புதுசாச் சொல்லப் போறோம்" என்றார் அவர். "நீ சொன்னது தான்."

ஜான்சன் முகத்தில் அடி விழுந்தது போலிருந்தது. பிறகு மெதுவாகத் தலையாட்டிக்கொண்டு கிரீஸ் டப்பாவை எடுத்தார். ஒன்பது பெரிதாக எழுதப்பட்டிருந்தது. ஒரு விரல் போதவில்லை, உள்ளங்கையால் தேய்த்தார்.

எழுபத்து மூன்றாக இருந்த அந்தக் காலத்தில்தான் அது நடந்தது. நல்ல வெயில். ரசாயனம் நிரப்பிய டாங்கர் பெட்டியோடு டிரெய்லர் ஒன்று வந்து மேடையில் ஏறியது. கேமரா எண்ணைப் படித்தது, பச்சை விளக்கு போட்டது, தடுப்புக் கம்பு உயர்ந்தது. எல்லாம் சரி. முன்னாளில் பிரபா எழுந்துபோய்ப் பெட்டியைச் சுற்றிவருவான், ஜான்சன் தட்டிப் பார்ப்பார், மற்றவர்களில் ஒருவராவது மூக்கைச் சுளிப்பார். அந்த நாற்காலிகள் காலி.

"ரைட்டரே" என்றார் அவர். குரல் மாறியிருந்தது. "எடை எறங்குது."

பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் பூஜ்யம் இருந்தது, எப்போதும்போல. பிறகுதான் அதற்கு முன்னால் நின்ற இலக்கத்தைக் கவனித்தேன். எட்டு. கொஞ்ச நேரத்தில் ஏழு. பிறகு ஆறு. லாரி அசையாமல் நின்றுகொண்டிருந்தது; அதன் எடை பத்துப் பத்தாகப் போய்க்கொண்டிருந்தது.

அவர் சிவப்புப் பொத்தானை அடித்தார். கம்பு கீழே இறங்கியது. "டிரைவரே, வண்டிய ஆஃப் பண்ணிட்டு எறங்கு! கெழக்கால ஓடாத, காத்து அங்க தான் போவுது!" அப்போதுதான் வாடை வந்தது. கண் எரிந்தது. பின்னால் வரிசையாக நின்ற டிரெய்லர்கள் ஹாரன் அடித்தன. வரிசை மெயின் ரோடுவரை போய்விட்டது. கிழக்கே, மதிலுக்கு அந்தப் பக்கம், குடிசைகள், துணி உலர்த்தும் கொடி, ஏதோ ஒரு வீட்டில் டி.வி. சத்தம். நான் மதிலோரம் ஓடி, எல்லாரும் வெளியே போங்க என்று கத்தினேன். முகத்தில் ஈரத் துணியைக் கட்டியபடி அவர் எடைப்பெட்டியின் முன்னாலேயே உட்கார்ந்து, தீயணைப்பு வண்டி வந்து குழாயின் கசிவை அடைக்கும்வரை, இறங்கும் எண்களைப் போனில் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எடை இறங்குவது நின்ற பிறகுதான் எழுந்தார்.

யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. தலைமை ஆபீஸிலிருந்து வந்து அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஹெச்.ஆர். இளைஞர் கண் கலங்கப் பேசினார். அடுத்த தடவை வந்தபோது அவரிடம் பொன்னாடை இல்லை. எடைப்பெட்டியை இனித் தலைமை ஆபீஸிலிருந்தே பார்த்துக்கொள்வார்களாம். இங்கே ஓர் ஆள் போதும். சீனியாரிட்டிப்படி...

அந்த வாக்கியம் முடிவதற்குள் மேடம் கிரீஸ் டப்பாவைத் திறந்துவிட்டார்.

கேட் வரை கூடவே போனேன். எட்டு இலக்கத்தில் ஒண்டி எண்கள் லட்சக்கணக்கில் இருக்கும் என்று அவரே ஒரு தடவை சொல்லியிருந்தார். பல நாளாக உள்ளே இருந்த கேள்வியை அன்றுதான் கேட்டேன்.

"மேடம், அத்தனை எண் இருக்கும்போது இதை ஏன் கொடுத்தீங்க? எங்களை எச்சரிச்சீங்களா, இல்லை..."

'இல்லை' என்பதற்குப் பிறகு என்ன வார்த்தை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் குடையை விரித்தார். "நான் தான் அன்னிக்கே மொத்தமும் சொன்னேனே ரைட்டரே. எப்படி நறுக்கலாம்னு ஒவ்வொரு எடமாச் சொன்னேன். நீங்க எல்லாரும் கை தட்டினீங்க."

கொஞ்சதூரம் போய்த் திரும்பினார். "எடைப்பெட்டியில கடைசி நம்பரைப் பாக்காத. அது எப்பவும் பூஜ்யம். அதுக்கு முன்னாடி நிக்கிறதைப் பாரு."

இப்போது நான் மட்டும்தான். எட்டு நாற்காலிகளில் ஏழை எடுத்துப் போய்விட்டார்கள். என் வேலை என்னவென்று நானே சில நாள் யோசிப்பதுண்டு. கேமராவில் தூசி படிந்தால் துடைக்கிறேன். மீதி நேரமெல்லாம் பெட்டியில் கடைசிக்கு முந்தின இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் அளவுக்கு எனக்கு வேகம் வராது. லாரிக்காரன் பீடியை எறிய ஒரு கால் எடுத்துவைத்தாலே மேடை அசைகிறது, எண் இறங்குகிறது, எனக்கு வேர்த்துவிடுகிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் டி.வி. சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. தலைமை ஆபீஸில் யாரோ இதே எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். அவர்களுக்கு வாடை வராது.

அவர் எப்போதாவது போன் செய்வார். சுகம் விசாரிப்பதில்லை.

"ஏழு கீதா?"

"கீது மேடம்."

"சரி." வைத்துவிடுவார்.

ஒரு தடவை கேட்டேன், ஏழையும் நறுக்கினால் என்ன ஆகும் என்று. "நறுக்கின பிறகு அங்க நம்பரே கெடையாது. ஒண்டியா இல்லையான்னு யாரு கேப்பா?" என்றார்.

போன வாரம் ஆயுத பூஜைக்கென்று சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தான். கிரீஸ் தீற்றல்களின் மேல் இரண்டு பூச்சு அடித்தான். என் தலைக்கு மேல் வந்ததும் பிரஷ்ஷைப் பிடித்தபடி நின்றான். "இது மட்டும் எதுக்கு சார்? அடிச்சு வுட்றவா?"

"அதைச் சுத்தி அடி" என்றேன். எனக்கே தெரியாத உறுதியில்.

சுற்றி அடித்தான். அன்று சாயங்காலம் பெருமையாக நானே அவருக்குப் போன் செய்து சொன்னேன்.

"முன்னாடி அழுக்கோட அழுக்கா இருந்துச்சு" என்றார். "இப்ப அது ஒண்ணு தான் கண்ணுக்குத் தெரியும், ரைட்டரே."

நேற்று ஹெச்.ஆர். இளைஞர் வந்தார். தாடியில் ஒன்றிரண்டு நரை. அவருக்கும் மேலே யாரோ இருக்கிறார்கள் போல. குடும்பம் என்று ஆரம்பிக்கவில்லை. பளிச்சென்ற வெள்ளைச் சுவரையும், அதன் நடுவே மஞ்சளாக நின்ற எண்ணையும், அதற்குக் கீழே உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தார்.

"சார்," என்றார், "இந்த ஏழை இன்னும் ஏன் வச்சிருக்கோம்?"

இலக்கணப்படி பார்த்தால் அவர் சுவரில் இருந்ததைத்தான் கேட்டார்.